இலையுதிர்கால இலைகளைப் பதப்படுத்துதல்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தோரணம், வாழ்த்து அட்டை, கதவில் மாட்டும் வளையம் ஆகியவற்றுக்காக, நிறம் மாறிய இலைகளை நான்கு ஆண்டுகளாகப் பதப்படுத்தி வருகிறேன். முதல் வாரத்தில் எல்லா முறைகளும் அழகாகவே இருக்கும். எது தாக்குப்பிடித்தது என்பது அடுத்த ஆண்டு பெட்டியைத் திறக்கும்போதுதான் தெரியும். அதனால்தான் இவ்வளவு காலம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் கையாண்டது அழுத்தி உலர்த்தும் முறை. மழை நின்றதும் பொறுக்கிய மேப்பிள் இலைகளை ஈரம் துடைக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பழைய புத்தகத்துக்குள் வைத்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் சாம்பல் நிறப் பூஞ்சணம், புத்தகமும் வீண். இப்போது செய்தித்தாள்களுக்கிடையே ஒரே அடுக்காகப் பரப்பி, முதல் மூன்று நாள்கள் தாளை மாற்றி, இரண்டு வாரம் பாரத்தின் கீழ் வைக்கிறேன். இப்படிச் செய்து இருட்டில் வைத்த இலைகளின் சிவப்பு இன்றும் பெரிதாக மங்கவில்லை. ஆனால் அவை அப்பளம் போல் நொறுங்குவதால், கண்ணாடிச் சட்டத்துக்கு மட்டுமே பயன்படுகின்றன.

நான் அதிகம் பயன்படுத்தியது கிளிசரின். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரு பங்கு நீர் கலந்து, இலைகள் மிதக்காதபடி மேலே ஒரு தட்டை வைத்து, நான்கைந்து நாள்கள் ஊறவிட வேண்டும். இலையிலுள்ள நீர் ஆவியாகிப் போனாலும் கிளிசரின் உள்ளேயே தங்கிவிடுவதால் இலை சுருளுவதில்லை. மூன்று ஆண்டுக்கு முன் ஊறவைத்த ஓக் இலையை இன்றும் மெல்லிய தோலைப் போல மடித்து விரிக்க முடிகிறது. குறை, நிறத்தில்தான். சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் நீரில் கரையக்கூடியது. என் சிவப்பு மேப்பிள் இலைகள் அனைத்தும் பழுப்பாகிவிட்டன. மஞ்சளைத் தரும் கரோட்டினாய்டுகள் நீரில் கரையாதவை என்பதால் ஜிங்கோ மரத்தின் மஞ்சள் இலைகள் தப்பின. கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால், மழைக்காலத்தில் இலைகள் பிசுபிசுத்து, அட்டைகளில் எண்ணெய்க் கறை போன்ற தடத்தை விட்டன. நிறம் மாறிய கிளையைக் கரைசலில் நிறுத்திவைத்தும் பார்த்தேன். காம்படியில் இலையைக் கிளையிலிருந்து பிரிக்கும் உதிர்வு அடுக்கு உருவான பிறகு இலை எதையும் உறிஞ்சாது என்பதை ஒரு குப்பி கிளிசரின் வீணான பின்பே அறிந்தேன்.

தேன்மெழுகில் தோய்த்த இலைகளுக்கு இணையான பளபளப்பு வேறெதிலும் இல்லை. அது ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகும். தீப்பற்றும் அபாயம் இருப்பதால் நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவதே முறை. மெழுகு சற்று ஆறிவிட்டாலும் இலைமேல் வெண்மையாகத் தடித்துப் படிந்து நரம்புகளை மறைத்துவிடும். மெழுகு ஒளியைத் தடுப்பதில்லை. சன்னலோரம் கட்டிய தோரணம் ஒரே பருவத்தில் வெளிறிப்போனது. மைக்ரோவேவ் அடுப்பில் ஒருமுறை முயன்றேன். ஓரம் கருகிப் புகை வந்ததோடு அதை விட்டுவிட்டேன்.

இந்த ஆண்டு சிவப்பு இலைகள் செய்தித்தாளுக்கும், ஓக், ஜிங்கோ இலைகள் கிளிசரினுக்கும் போயின. சில வாரங்களே மேசையில் இருக்கப்போகும் அலங்காரத்துக்கு மட்டும் மெழுகை உருக்கினேன்.