பியோசால்வர்: பதிலை எழுதிவிட்டுத் திறக்க வேண்டிய மென்பொருள்

2015-ல் வெளிவந்த போக்கர் மென்பொருளான பியோசால்வரைக் கையில் எடுப்பவர்கள் முதல் வாரத்தில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். நேற்று தோற்ற கையை (ஒரு சுற்று ஆட்டத்தை) உள்ளே போட்டு, எதிராளியின் பந்தயத்தைத் தான் ஏற்ற இடத்தில் பச்சை தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். தெரிந்தால் நிம்மதி, விலகியிருக்க வேண்டும் என்னும் நீலம் தெரிந்தால் எரிச்சல். இரண்டாலும் ஆட்டம் ஓர் அடிகூட முன்னேறாது. மென்பொருள் மேல் பிழையில்லை, அருமையான கருவி அது. கேட்கிற விதம்தான் கோணல்.

நோ லிமிட் ஹோல்டெமில் இருவர் மட்டும் மிஞ்சியபின், ஃபிளாப் (மேசையில் விரியும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது) வரை, எந்தப் பக்கமும் மற்றதைச் சுரண்ட முடியாதபடி ஆடினால் ஒவ்வொரு கையும் (ஒருவர் வைத்திருக்கும் இரு சீட்டுகள்) என்ன செய்யும் என்று இது கணக்கிடுகிறது. சிவப்பு என்றால் பெட் அல்லது ரெய்ஸ் (பந்தயம் போடுவது அல்லது உயர்த்துவது), பச்சை என்றால் செக் அல்லது கால் (போடாமல் விடுவது அல்லது எதிராளியின் பந்தயத்தை ஏற்பது), நீலம் என்றால் ஃபோல்ட் (விலகுவது). மூன்று பேர் இருக்கும் கைக்கு இது உதவாது. இலவசப் பதிப்பில் இஸ்பேட் ராணி, ஆர்ட்டின் ஜாக்கி, ஆர்ட்டின் ரெண்டு என்ற ஒரே ஃபிளாப்தான் திறந்திருக்கும். பழகிப் பார்க்க அதுவே போதும்.

முதல் சறுக்கல், ரேஞ்சை, அதாவது ஒருவரிடம் இருக்கக்கூடிய கைகளின் பட்டியலை, உள்ளிடும்போது வரும். பட்டனில் (ஃபிளாப் முதல் கடைசியாக ஆடும் இடத்தில்) இருப்பவர் 2.5 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறார், பிக் பிளைண்ட் கால் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். (பிக் பிளைண்ட் என்பது சீட்டு பார்க்கும் முன்பே போடும் கட்டாயத் தொகை, அதைப் போடுபவருக்கும் அதே பெயர். தொகைகளை அதை வைத்தே அளப்பார்கள்.) நடுவில் பாட் தொகை 5.5 (விலகிய ஸ்மால் பிளைண்டின் அரையும் சேர்த்து), பின்னால் ஆளுக்கு 97.5. ஃபிளாப் ராஜா-7-2, மூன்றும் வேறு வேறு ஜாதி. இங்கே பட்டன் பெரும்பாலான கைகளோடு பாட் தொகையில் மூன்றில் ஒரு பங்கு பெட் செய்யும். காரணம், ஜோடி ராஜா, ஆஸ்-ராஜா போன்ற கைகள் பிக் பிளைண்டிடம் இருந்தால் ஃபிளாப்புக்கு முன்பே மறு ரெய்ஸ் ஆகியிருக்கும், எனவே பலம் பட்டன் பக்கம். அந்தக் கைகளைக் கவனக்குறைவாக பிக் பிளைண்டின் கால் ரேஞ்சில் விட்டுவிட்டால் விடை மாறிவிடும், பட்டன் தயங்கித் தயங்கி செக் செய்யும். திரை எந்த எச்சரிக்கையும் தராது. தவறான ரேஞ்சுக்கும் துல்லியமான விடை வரும் என்பதுதான் இதன் பெரிய ஆபத்து.

அடுத்தது பெட் அளவுகள். ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கைந்து அளவு கொடுத்தால் கணினியின் நினைவகம் திணறும். தொடக்கத்தில் ஃபிளாப்புக்கு 33, 75 சதவீதம், டர்னுக்கு 75, ரிவருக்கு 75, 150 போதும். எதிராளிக்கு ரெய்ஸ் செய்யும் வழியை வைக்க மறந்தால் நம் பக்கம் கண்டதையெல்லாம் பெட் செய்யச் சொல்லும். ரேக்கையும் (ஆட்டம் நடத்துபவர் பாட்டிலிருந்து எடுக்கும் பங்கு) உள்ளிடுங்கள், அது இல்லாமல் போட்டால் கால் அகலமாகிவிடும். விடையில் மிஞ்சியிருக்கும் பிழை பாட் தொகையில் 0.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். அப்போதும், அரிதாக நுழையும் கிளைகளில் தெரியும் எண்களை அப்படியே நம்பக்கூடாது. அவை சரியாகச் சமையாதவை.

இனி, இந்த மென்பொருள் மனப்பக்குவத்துக்குச் செய்யும் உதவி. என் மதிப்பில் இதை வாங்க உண்மையான காரணம் இதுதான். ரிவரில் நடுவே 20 பிக் பிளைண்ட், எதிராளி 15 போடுகிறார். கால் செய்ய மொத்தம் 50-ல் (20+15+15) 15, அதாவது 30 சதவீத வெற்றி வேண்டும். பிளஃபை (வலுவில்லாத கையோடு மிரட்டும் பந்தயத்தை) மட்டுமே வெல்லக்கூடிய கை ஒன்றின் மேல் சுட்டியை வைத்தால் பாதி பச்சை, பாதி நீலம். ஈவியை, அதாவது சராசரியாக எதிர்பார்க்கும் லாபத்தை, பார்த்தால் காலுக்கும் பூஜ்யம், ஃபோல்டுக்கும் பூஜ்யம். இராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த முடிவு எப்படி எடுத்திருந்தாலும் ஒன்றுதான்! இதைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்தக் கை மேல் இருந்த பிடி தளரும்.

ஆனால் அந்தப் பூஜ்யம் சமநிலையாக ஆடுபவருக்கு எதிரே மட்டும். இதே இடத்தில் எதிராளி 20 சதவீதமே பிளஃப் செய்பவர் என்றால், கால் சராசரியாக 5 பிக் பிளைண்ட் நட்டம்: 35-ஐ ஐந்தில் ஒரு முறை வென்று, 15-ஐ ஐந்தில் நான்கு முறை இழக்கிறோம். இதைச் சோதிக்கத்தான் நோட் லாக் வசதி. எதிராளியின் ஆட்டத்தை ஓரிடத்தில் பூட்டிவிட்டு மறுபடி கணக்கிடலாம். சிறிதளவே பூட்டுங்கள். அவர் கொஞ்சம் அதிகமாக ஃபோல்ட் செய்கிறார் என்று பூட்டினாலே சால்வர் குப்பைக் கையையெல்லாம் பிளஃபாக்கும், ஏனென்றால் அவர் ஒருநாளும் திருந்தமாட்டார் என்று அது எடுத்துக்கொள்கிறது.

தோற்ற எரிச்சலில் ஆட்டம் கெடும் டில்டுக்கு இதில் மருந்து கிடையாது. திட்டவிலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 100 கைக்கு 90 பிக் பிளைண்ட் என்று கொண்டால், 10,000 கை ஆடியபின் கிடைக்கும் சராசரியில் 100 கைக்கு 9 வரை ஏற்ற இறக்கம் சாதாரணம். 100 கைக்கு 4 வெல்லக்கூடியவரும் அந்த 10,000 கையில் நட்டத்தில் முடிய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கு மனதில் பதியாதவர், வரைபடம் சரிந்ததும் நல்ல ஆட்டத்தை மாற்றிக் கெடுத்துக்கொள்வார்.

ஆகவே ஒரு நோட்டு வேண்டும். ஆடும்போது குழப்பம் தந்த கையை மட்டும் குறியிடுங்கள், ஆராய்ச்சி மறுநாள். மென்பொருளைத் திறக்கும் முன் எதிராளியின் ரேஞ்ச், உங்கள் முடிவு, ஒரு வரிக் காரணம் மூன்றையும் எழுதுங்கள். அந்த நேரத்து மனநிலைக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும்: அவசரம், கோபம், அலுப்பு. பிறகு விடையைப் பாருங்கள். மதிப்பெண் போட வேண்டியது இழந்த ஈவிக்கு. சதவீதம் பொருந்தியதா என்பது முக்கியமில்லை. 0.05 பிக் பிளைண்ட் வித்தியாசத்தை விட்டுவிடலாம், 1-க்கு மேல் போனால் உட்கார்ந்து காரணம் தேடுங்கள். சில வாரங்களில், பெரிய பிழைகள் எந்த மனநிலைக் கட்டத்தில் குவிகின்றன என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும்.

சதவீதங்களை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். ஜாதி மட்டும் மாறி மற்றபடி ஒன்றாக இருப்பவற்றைக் கழித்தாலும் 1,755 ஃபிளாப் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு வகை எடுங்கள். ராஜா-7-2-க்குப் பக்கத்தில் 8-7-6-ஐ வைத்து, ஒன்றில் சிறிய பெட்டும் மற்றதில் ஏராளமான செக்கும் ஏன் என்று உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள்.

ஃபிளாப்புக்கு முந்தைய ரேஞ்ச் இன்னும் கைக்கு வராதவர் இப்போது வாங்க வேண்டாம், உள்ளிட அவரிடம் எதுவும் இருக்காது. வாங்கியவர் ஆன்லைனில் ஆடும் நேரத்தில் இதை மூடிவைக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே சால்வரைப் பார்ப்பதைத் தளங்கள் மோசடியாகவே கருதுகின்றன, கணக்கும் முடக்கப்படும்.