மாத்திரை தீரும் தேதி: அரசு மருந்தில் மூன்றரை வருடம்

அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது, பிரஷர் அதற்கும் முன்னாலேயே. நாங்கள் இருப்பது தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு அரசு ஆஸ்பத்திரி உண்டு, மெடிக்கல் ஷாப் பதினொன்று. பஸ் ஸ்டாண்டை ஒட்டி எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. 2022 பிப்ரவரி வரை தனியார் டாக்டர் எழுதிக் கொடுப்பதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். மாதம் 1,900 ரூபாய்க்குக் குறையாது. கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது கடை வருமானம் பாதியாகி, அப்போது வாங்கிய கடனும் அடையாமல் நின்றது. சரி, அரசு மாத்திரைக்கு மாறிப் பார்ப்போம் என்று மாறினோம். அதே யோசனையில் இருப்பவர்கள் கடைக்கு வந்து விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கவர்மெண்ட் மாத்திரையில பவரு இருக்கா?" எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மாறும்போது அம்மாவின் மூன்று மாத சர்க்கரை சராசரி, அதாவது ஏ1சி, 9.6. ஒன்றரை வருடம் கழித்து 7.9. நடுவில் வேறு வைத்தியம் எதுவும் இல்லை, நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, மாம்பழ சீசனில் மாம்பழத்தையும் விடவில்லை. ஆகவே பவர் இருக்கிறது. இந்த மாத்திரைகளை வாங்கி விநியோகிப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கப்பட்டது. கிடங்குக்கு வரும் மருந்தில் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி சரக்கு என்பதை மறைத்துத்தான் சோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பிறகே ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே மாதிரியில் கழகம் அமைத்துக்கொண்டன. நாம்தான் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பவரைச் சந்தேகப்படுகிறோம்.

மாறும்போது உண்மையான சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தனியார் டாக்டர் எழுதியவை கூட்டு மாத்திரைகள். ஒரே மாத்திரைக்குள் சர்க்கரைக்கு இரண்டு மருந்து, இன்னொன்றுக்குள் பிரஷருக்கு இரண்டு. ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் தனித்தனி மாத்திரை. பழைய சீட்டைக் காட்டி இதே மாதிரி கொடுங்கள் என்றால் மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒன்றும் நடக்காது. டாக்டர் அதைப் பிரித்து, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இத்தனை, கிளிபிசைடு இத்தனை, பிரஷருக்கு அம்லோடிபின் ஒன்று, எனலாபிரில் ஒன்று என்று புதிதாக எழுத வேண்டும். நாளைக்கு மூன்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது ஏழானது. "இதுக்குப் பெறவு சோறு எதுக்குய்யா?" என்றாள்.

எனலாபிரில் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் வறட்டு இருமல் பிடித்தது. இரண்டு மாதம் டானிக், மிளகுக் கஷாயம், கருப்பட்டி என்று ஓடியது. புதிதாக வந்த இளம் டாக்டர் ஒருவர் சீட்டைப் பார்த்ததுமே, "இருமல் இந்த மாத்திரையால பாட்டி" என்று சொல்லி லோசார்ட்டனுக்கு மாற்றினார். பத்து நாளில் இருமல் நின்றது. எனலாபிரில் வகையில் சிலருக்கு இப்படி வரும் என்பது தெரிந்த விஷயமாம். பிரஷர் மாத்திரை மாறிய பிறகு இருமல் வந்தால் தயவுசெய்து டானிக் வாங்கிக்கொண்டிருக்காதீர்கள்.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மாத்திரையை நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் தெரியும். அரசு சப்ளையில் டெண்டர் எடுக்கும் கம்பெனி மாறினால் நிறமும் அட்டையும் மாறும், மருந்து அதேதான். 2022 ஐப்பசியில் ஒரு நாள் கிளிபிசைடும் அம்லோடிபினும் இரண்டுமே சின்ன வெள்ளை உருண்டையாக வந்து சேர்ந்தன. அம்மா பிரஷர் மாத்திரை என்று நினைத்து சர்க்கரை மாத்திரையை இன்னொன்று போட்டுவிட்டாள். பதினோரு மணி வாக்கில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சேலை நனையும் அளவுக்கு வியர்த்து, கை ஆடியது. வாய் குழறியது. மெஷினில் பார்த்தால் 54. சீனியைத் தண்ணீரில் கரைத்து ஒரு டம்ளர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தோம். 88. அதற்குப் பிறகுதான் என் மனைவிக்கு அழுகை வந்தது.

இதற்கு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். நாற்பது வருடம் பீடி சுற்றியவள். மருந்து வாங்கி வந்த அன்றே சுளகை மடியில் வைத்துக்கொண்டு, பீடிக் கட்டுக்குப் போடும் நூலை அட்டைகளில் சுற்றிவிடுவாள். சர்க்கரைக்குச் சிவப்பு நூல், பிரஷருக்குப் பச்சை, கொழுப்பு மாத்திரைக்கு நூல் இல்லை. எது எந்த மாத்திரை என்று ஒருமுறை நான் படித்துச் சொன்னால் போதும். எண்ணிக்கையும் அவள் பொறுப்புதான். 25 பீடிக்கு ஒரு கட்டு என்று எண்ணிய கை, பத்து மாத்திரை அட்டைகளை எண்ணும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது.

மக்களைத் தேடி மருத்துவம் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம். 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு வருபவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண். தோளில் பை, உள்ளே பிரஷர் மெஷின், சுகர் மெஷின், மாத்திரை அட்டைகள், போனில் பதிவு. "பெரியம்மா, கைய நீட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். அம்மாவும் "ஏட்டி, மொதல்ல தண்ணியக் குடி" என்பாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காத கவனம் இவரிடம் கால் மணி நேரம் கிடைக்கும். அம்மாவின் காலில் செருப்பு கடித்த புண் இருப்பதை எங்களுக்கு முன்னால் பார்த்தவர் இவர்தான்.

குறையும் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தது சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டுமே. கொழுப்பு மாத்திரைக்கும் பின்னால் இன்சுலினுக்கும் ஆஸ்பத்திரிதான். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தபோது இரண்டு மாதம் யாரும் வரவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. திட்டம் முழுக்க ஒரு ஆளின் கால்களில் நிற்கிறது என்பது அந்தக் கால்கள் வராதபோதுதான் புரிகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. மூன்றரை வருடத்தில் மருந்தின் தரம் எங்களைத் தொல்லை செய்யவில்லை, காசும் செய்யவில்லை. தொல்லை முழுக்கத் தேதியில்தான். மாத்திரை தீரும் நாளும் அடுத்த மாத்திரை கைக்கு வரும் நாளும் ஒன்றாக அமைவதே இல்லை. முப்பது நாளைக்குக் கொடுப்பார்கள், 31-ம் நாள் ஞாயிறாக இருக்கும். அல்லது, "மெட்ஃபார்மின் இருக்கு, மத்தது அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ரூபாய்க் கணக்கில் ஒரு பாஸ்புக் உண்டு. மாவட்டக் கிடங்கிலிருந்து எடுப்பதெல்லாம் அதில் கழியும். ரேஷன் கார்டு மாதிரிதான். எங்கள் ஊரில் எந்த மருந்து எவ்வளவு ஓடும் என்ற மதிப்பீடு தப்பினால் ஜன்னலில் கை விரிப்பார்கள். ஜன்னலில் இருப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. நான் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

2023 டிசம்பரில் இது உறைத்தது. அம்மா ஸ்ரீவைகுண்டத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்று நாள் தங்கத்தான், மாத்திரையும் மூன்று நாளைக்குத்தான். 17, 18 தேதிகளில் அந்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அதே மழை. ஸ்ரீவைகுண்டம் தீவாகிவிட்டது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் அங்கேயே நின்றது. போனும் கிடைக்கவில்லை. சித்தி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். சித்தியின் மாத்திரைகள் மெடிக்கல் ஷாப்பில் டப்பாவிலிருந்து எண்ணிப் போட்டுக் கொடுத்த காகிதக் கவரில் இருந்தவை, கரைந்து மாவாகிவிட்டன. அம்மாவின் அட்டை சேற்றில் கிடந்தும் உள்ளே நனையவில்லை. இரண்டு பேரும் அதைப் பங்கு போட்டிருக்கிறார்கள். இரவு மாத்திரையை விட்டுவிட்டுக் காலையில் மட்டும், ஆளுக்கு ஒன்று. நான் போய்ச் சேர்ந்தபோது ஆறாவது நாள். அம்மாவுக்குச் சர்க்கரை 340. சித்திக்கு எவ்வளவு என்று பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் பத்து நாள் மாத்திரை எப்போதும் கூடுதலாக இருக்கும். அரசு சப்ளையில் கூடுதலாகக் கேட்டால் தரமாட்டார்கள், அது நியாயமும்கூட. ஆகவே பத்து நாளைக்கு மட்டும் காசு கொடுத்து வாங்குகிறோம். இதற்குத்தான் மக்கள் மருந்தகமும் முதல்வர் மருந்தகமும் உதவுகின்றன. முதலாவது மத்திய அரசின் திட்டம், 2008-ல் ஜன் ஔஷதி என்ற பெயரில் தொடங்கியது. இரண்டாவது 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுக்க ஆயிரம் கடைகளோடு வந்தது. கூட்டுறவுச் சங்கங்களும் பார்மசி படித்தவர்களும் நடத்துகிறார்கள். எங்கள் ஊரில் இரண்டுமே இல்லை, பக்கத்து ஊரில் ஒன்று இருக்கிறது. அம்மா டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போய் வந்துவிடுவாள். நான் போனால் டிக்கெட்டிலேயே மிச்சம் பிடித்தது போய்விடும்! மெடிக்கலில் 110 ரூபாய் கொடுத்த மாத்திரைக்கு அங்கே 30 கூட ஆகவில்லை. ஒன்று மட்டும்: சீட்டில் பிராண்டு பெயர் இருந்தால் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள். எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

2024 மே மாதம் இன்சுலின் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் குப்பியாகத் தருகிறார்கள், ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. ஒருமுறை அங்கே ஊசி இல்லாமல் வெளியே வாங்கினேன். கடைப் பையன் ஆரஞ்சு மூடி ஊசியைக் கொடுத்துவிட்டான், நானும் பார்க்கவில்லை. அது 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் எங்கள் குப்பியிலிருந்து ஏறுவது 8 யூனிட்தான். ஒரு வாரம் சர்க்கரை ஏறிக்கொண்டே போக, அம்மா ரகசியமாக அல்வா சாப்பிடுகிறாள் என்று அவளிடம் சண்டை போட்டேன். பழியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தாள். மூடியின் நிறத்தைக் கவனித்தவர் பை மாட்டிக்கொண்டு வரும் அந்தப் பெண்தான். குழந்தை பிறந்து, திரும்ப வேலைக்கு வந்திருந்தார்.

குப்பியை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு தூக்குவாளி வைத்திருக்கிறோம். அடியில் ஐஸ், மேலே துணி, அதற்கு மேல் குப்பி. ஐஸ் நேராகப் படக் கூடாது, உறைந்த இன்சுலின் வீண். கரண்டு அதிக நேரம் போகும் நாளில் குப்பி மண்பானைத் தண்ணீரில் மிதக்கும் டம்ளருக்குள் போய்விடும்.

இந்த வாரக் கணக்கு: சிவப்பு நூல் மாத்திரை 34, பச்சை நூல் மாத்திரை 21, இன்சுலின் குப்பி ஒன்று முழுதாக, ஒன்று கால்வாசி. தீபாவளிக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் கூட்டம் அள்ளும். வியாழக்கிழமையே போய்விடலாம் என்று அம்மா தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.