ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் மாற்றம்: அளவுகளும் நீண்ட நாள் பலனும்

புது பேட்டரி போட்டுச் சில மாதங்கள்கூட ஆகியிருக்காது, காலையில் செல்ஃப் எடுக்காது. உடனே பேட்டரியைத் திட்டுவதுதான் வழக்கம். உண்மையில் பல வண்டிகளில் குறை பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பக்கத்தில் இருக்கும். அதிலும் எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் முழுவதும் கெட்டுப்போவதைவிட, அதன் பின்புறம், உள்ளே சுழலும் சுருளுக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ்ஷோடு சேர்ந்து வரும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தேய்ந்துபோவதே அதிகம். அந்தச் சிறு பாகத்தை மட்டும் மாற்றினால் வண்டி ஆண்டுக்கணக்கில் ஓடும். ஆனால் மாற்றும் முன் குறை அங்கேதான் என்று அளந்து உறுதிசெய்திருக்க வேண்டும்.

முதல் அளவு பேட்டரியில். வண்டி நின்று சில மணி நேரம் ஆனபின் அளப்பதே சரி. ஓட்டி முடித்த கையோடு அளந்தால் மேலோட்டமான சார்ஜ் கணக்கைக் கெடுக்கும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சிறிது பொறுத்து அளக்கலாம். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0க்குக் கீழே போனால் அது ஏறக்குறைய காலி. அந்த நிலையில் செய்யும் எந்தச் சார்ஜிங் சோதனையும் தவறான முடிவையே தரும். தனிச் சார்ஜரில் முழுதாக ஏற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியே பலவீனம், அல்லது கேபிள் இணைப்பு மோசம்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருப்பது நல்ல அளவு. எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு ஏற்றி, ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடிச் சூடேற்றி மூன்றையும் போட்டாலும் 13.5க்குக் கீழே இறங்கக் கூடாது. வண்டி ஓடும்போதும் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜே வரவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, அல்லது அதற்கு வோல்ட்டைக் காட்டும் உணர் ஒயரில் தடை இருக்கிறது. அந்த ஒயரின் முனையில் பச்சை பூத்திருந்தால் ரெகுலேட்டர் பேட்டரியைக் குறைவாகக் கணித்து, மேலும் மேலும் ஏற்றும். இதைப் பார்க்காமல் ரெகுலேட்டரை மாற்றினால் புதியதும் அதையேதான் செய்யும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புதிய தலைமுறை வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை எஞ்சின் கணினியே கட்டளையிட்டு நடத்துகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது 12.8க்கு இறங்கும், காலை எடுத்தால் 14.8க்கு ஏறும். அது குறையல்ல, எரிபொருள் மிச்சப்படுத்த அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அத்தகைய வண்டியில் ஒற்றை அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, எஞ்சின் கணினியின் தகவலைப் படிக்கும் ஸ்கேனரில், கட்டளையிட்ட வோல்ட்டையும் வரும் வோல்ட்டையும் ஒப்பிட வேண்டும்.

அளவு குறைவாக வந்ததும் ஆல்டர்னேட்டரைக் கழற்றத் தொடங்குவது பெரிய தவறு. முதலில் ஒயரைச் சோதியுங்கள். எஞ்சின் ஓட, விளக்கெல்லாம் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டிலும் (பேட்டரிக்குப் போகும் தடித்த ஒயர் மாட்டிய இடம்) மறுமுனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் வைத்தால் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் இடையே 0.2க்குள் இருக்க வேண்டும். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் உள்ளுக்குள் அரித்து, வெளியே பளபளவென்று இருக்கும் வண்டிகள் ஏராளம். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டையும் பாருங்கள். வழுக்கும் பெல்ட், விளக்கு, புளோயர் போன்ற மின் லோடு போட்டதும் கீச்சிடும், புல்லி கைபொறுக்காத சூடாக இருக்கும்.

பிரஷ் தேய்ந்ததற்கென்று சில தனி அடையாளங்கள் உண்டு. டாஷ்போர்டிலுள்ள சார்ஜிங் விளக்கு, வண்டி பள்ளத்தில் குதிக்கும்போது மினுக்கும், சில நாள் சார்ஜ் வரும், சில நாள் வராது. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் ஆல்டர்னேட்டரின் பின்புறத்தை மெல்லத் தட்டினால், விழுந்திருந்த வோல்ட் சட்டென்று 14க்கு ஏறும். பெல்ட்டும் விசிறியும் சுழல்வதால் கையும் சட்டையும் அருகே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டருக்கு அந்த விளக்கு வழியாகத் தூண்டு மின்சாரம் போகும் பழைய ரக வண்டிகளில், சாவியைப் போட்டதும் விளக்கு எரியவே இல்லையென்றால் பல்பு, அதன் ஒயர், பிரஷ், ரோட்டர் சுருள் ஆகியவற்றில் ஒன்றில் இணைப்பு அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். மாற்று மின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாக்கும் டயோடில் குறை இருந்தால், அதை மாற்று மின்னோட்ட (ஏசி) அளவில் கண்டுபிடிக்கலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். ரெகுலேட்டர் மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

பழைய காலத்து வழக்கம் ஒன்றை முற்றிலும் விட்டுவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் கெட்டது என்று சொல்வார்கள். கழற்றும் அந்த நொடியில் எழும் உயர் வோல்ட் கணினி அட்டைகளையும் டயோடுகளையும் எரித்துவிடும்.

மாற்றும் வேலை பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுவதில் தொடங்க வேண்டும். பி பிளஸ் போல்ட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் உடலில் பட்டால் தீப்பொறி தெறிக்கும், ஒயரே உருகலாம். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரை இறக்காமலேயே பின்மூடியைக் கழற்றி ரெகுலேட்டரை எடுத்துவிடலாம். கை நுழையாத இடமென்றால் இறக்குவதே மேல், பாதி தெரியும் வேலையில் பிரஷ்தான் உடையும். இரண்டு மூன்று சிறு திருகுகளை எடுத்ததும் ரெகுலேட்டரைச் சாய்த்து வெளியே எடுக்கலாம். பிரஷ் நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தை அளந்து பாருங்கள். புதியது 10 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், 5க்குக் கீழே வந்துவிட்டால் காலம் முடிந்தது. ஒன்று நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருந்தால், குட்டையானது உரசிய, ரோட்டர் அச்சிலுள்ள உலோக வளையமான ஸ்லிப் ரிங்கைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

நீண்ட நாள் பலனை முடிவுசெய்வது இந்த ஸ்லிப் ரிங்தான். பலர் அதைப் பார்க்காமலேயே புதியதைப் பொருத்திவிடுகிறார்கள். கருத்திருந்தால் மிக நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் துடைத்து, தூசியை ஊதி எடுத்தால் போதும். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுப் பிரஷ் வெகு சீக்கிரம் தேயும். அப்போது ஸ்லிப் ரிங்கையும் மாற்ற வேண்டும், அல்லது ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டும். கையோடு கையாக இரு ரிங்குகளுக்கும் இடையே மின்தடையை ஓமில் அளந்துவிடுங்கள். பெரும்பாலான 12 வோல்ட் ஆல்டர்னேட்டர்களில் 2 முதல் 5 ஓம் வரை வரும். மீட்டர் ஒயரின் சொந்தத் தடையை முதலில் அளந்து கழித்துக்கொள்ளவும். ரிங்குக்கும் அச்சுக்கும் இடையே இணைப்பே காட்டக் கூடாது. காட்டினால் ரோட்டர் உடலோடு கசிகிறது, புது ரெகுலேட்டரையும் எரித்துவிடும்.

புதியதை வாங்கும்போது உருவம் ஒத்தால் போதாது, பாக எண்ணும் குறித்த வோல்ட்டும் ஒத்திருக்க வேண்டும். ஒரே உருவத்தில் 14.0, 14.5 என்று வெவ்வேறு அமைப்புகள் வருகின்றன. பொருத்தும்போது பிரஷ்களை உள்ளே அழுத்திப் பிடித்துச் சாய்வாக நுழைக்க வேண்டும். சில ரகங்களில் பிரஷ்ஷைப் பிடித்து நிறுத்த மெல்லிய கம்பி நுழைக்கும் துளை இருக்கும், வேலை முடிந்ததும் கம்பியை உருவ மறக்கக் கூடாது. பிளாஸ்டிக் உடலில் இறங்கும் திருகுகளை வலுக்கட்டாயமாக இறுக்கினால் விரிசல் விடும். மூடுமுன் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு வந்தால் பேரிங்கும் கூடவே போகிறது என்று பொருள்.

இணைத்து முடித்தபின் சாவியைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். காலியான பேட்டரியை ஆல்டர்னேட்டரை நம்பி விட்டுவிடாதீர்கள். நீண்ட நேரம் முழு மின்னோட்டத்தில் ஓடிச் சூடேறினால் டயோடுகள் தாங்காது.

நீண்ட கால ஓட்டத்தில், சரியாகப் பொருத்திய நல்ல ரெகுலேட்டர் குளிர்ந்த எஞ்சினில் 14.4 காட்டினால், சூடேறியதும் 13.9, 14.0 என்று இறங்கும். பேட்டரி கொதிக்காமல் இருக்க வைத்த வெப்பத் திருத்தம் அது, பயப்பட ஒன்றுமில்லை. மலிவு ரகங்கள் பலவற்றில் இந்தத் திருத்தம் ஒழுங்காக இருப்பதில்லை. கடும் வெயிலிலும் 14.6ஐ விட்டு இறங்காது, பேட்டரித் தண்ணீர் வற்றும். எஞ்சின் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் குளிர், சூடு, லோடு என மூன்று அளவுகளைக் குறித்து வைத்தால் சரிவு முன்கூட்டியே தெரியும். பிரஷ்ஷுக்குப் பெரும் எதிரி எண்ணெய். மேலே வால்வு கவரிலிருந்து சொட்டும் ஆயில் கார்பன் பொடியோடு குழைந்து பிரஷ்ஷைக் கூட்டிலேயே ஒட்டவைத்துவிடும். அந்தக் கசிவை அடைக்காத வண்டியில் எத்தனை ரெகுலேட்டர் போட்டாலும் நிலைக்காது. எஞ்சினைக் கழுவும்போது அழுத்தத் தண்ணீரை அந்தப் பக்கம் அடிக்காமல் விடுவதும் பிரஷ் கெடாமல் இருக்கத்தான்.