மட்டக்களப்பிலிருந்து நுவரெலியாவுக்கு: குளிரில் நிசான் லீஃப்

40 கிலோவாட் மணி மின்கலம் கொண்ட நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒருமுறை முழுமையாக மின்னேற்றினால் ஓடும் என்று அமெரிக்கச் சோதனை மதிப்பிட்ட தூரம் 243 கிலோமீட்டர். ஆயினும் மட்டக்களப்பிலிருந்து செங்கலடி, மகாஓயா, பிபிலை, பதுளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுபவர் அந்த எண்ணை நம்பிப் புறப்படலாகாது.

தை மாதத்தில் குடும்பமாகச் சென்றபோது, ஓடும் தூரம் குறைந்ததற்குக் குளிரையே முதலில் குற்றஞ்சாட்டினோம். கணக்கிட்டுப் பார்த்தால் பெரும்பங்கு மலைக்கே உரியது: ஆட்களோடு சுமார் 1,800 கிலோ எடையை ஏறத்தாழ 1,850 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் 9 கிலோவாட் மணி, அதாவது மின்கலத்தின் கிட்டத்தட்டக் கால்பங்கு, வேண்டும். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி அதில் கணிசமான பகுதியைத் திருப்பித் தருகிறது (மேலே முழுமையாக மின்னேற்றிவிட்டால் அதற்கு இடமிருக்காது). ஆனால் ஹீட்டர் செலவழித்தது திரும்பாது.

பெட்ரோல் காரில் எஞ்சினின் வீண்வெப்பமே உள்ளே சூடாக்கும். இங்கே அந்த வெப்பமும் மின்கலத்திலிருந்தே வரவேண்டும். ஆகவே காற்றைச் சூடாக்குவதைவிட, சில வகைகளில் உள்ள சூடேறும் இருக்கையைப் பயன்படுத்துவது சிக்கனம். ஊர் வெயிலில் அந்தப் பொத்தான் எதற்கென்றே எங்களுக்கு விளங்கியதில்லை.

திரவக் குளிர்விப்பு இல்லாத இந்த மின்கலத்தின் நீண்ட ஆயுளுக்கு, மலைக்குளிரைவிட எங்கள் கரையோர வெக்கையே கூடுதல் பகை.