பாசிமணி பார்க்க எங்கே போவது: அரிக்கமேடா, பாப்பாநாயுடுபேட்டையா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வந்தால் பஞ்சாயத்துதான். அம்மாவுக்குத் திருப்பதி, பிள்ளைகளுக்குப் பாண்டிச்சேரி. எனக்கோ கண்ணாடிப் பாசிமணிப் பித்து. எந்தப் பக்கம் வண்டி திரும்பினாலும் லாபம்.

முதலில் பாண்டி. ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு; ரோமோடு வணிகம் செய்த, கண்ணாடிப் பாசிமணி செய்த பழங்காலத் துறைமுக ஊர். நேராக மேட்டுக்குப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். மரங்களுக்கு நடுவே நிற்கும் செங்கல் சுவரை ரோமானியர் கட்டியதென்று நினைத்துப் படம் எடுப்பார்கள். அது 18ஆம் நூற்றாண்டு கிறித்தவ மிஷன் கட்டடத்தின் மிச்சம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் வெட்டிய குழிகளெல்லாம் மூடிக் கிடக்கின்றன. அவர் கவனம் இத்தாலியப் பானை ஓடுகள் மீது. அவற்றை வைத்துத்தான் மேட்டின் காலத்தைக் கணித்தார். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி மறுபடி தோண்டியபோது, ஊரின் ஆயுள் வீலர் சொன்னதைவிட முன்னும் பின்னும் நீண்டது.

ஆகவே முதலில் பாரதி பூங்கா அருகே உள்ள அருங்காட்சியகம். திங்கட்கிழமை மூடியிருக்கும். அங்கே குண்டூசித் தலை அளவு மணிகளைப் பார்த்துவிட்டு மேட்டுக்குப் போனால், வெறும் மண்ணும் பேசும். மழைக்குப் பிறகு மணி கண்ணில் பட்டாலும் எடுக்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம்.

இனி பாப்பாநாயுடுபேட்டை. கோலார், சித்தூர் தாண்டி, ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் இடையில். மேடு இல்லை, அருங்காட்சியகம் இல்லை. ஆனால் அரிக்கமேட்டுத் தொழில்நுட்பம் உயிரோடு பிழைத்த ஊர் இதுதான் என்று மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் கண்டுகொண்டார். ஆசியா முழுக்கக் கிடைக்கும் இந்த மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

‘லாடா’ என்ற இரும்புக் குழாயில் உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டுவார்கள். உள்ளே கம்பி செருகித் துளை விடுவார்கள். உலைக்கு மறுபுறம் நிற்பவர் கூம்பின் நுனியைக் கொக்கியால் பிடித்து, நூல் இழுப்பதுபோல் கைமாற்றிக் கைமாற்றி மணிக்கணக்கில் இழுப்பார். அந்த மெல்லிய குழாயைத் துண்டு போட்டு, சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்கினால் கூர்முனை மழுங்கும். துளைக்குள் சாம்பல் இருப்பதால் அடைபடாது, ஒன்றோடொன்று ஒட்டாது.

இதைத் தெரிந்துகொண்டு அருங்காட்சியக மணியைப் பாருங்கள். கோடுகளும் குமிழிகளும் துளைக்கு இணையாக ஓடினால் இழுத்த மணி. துளையைச் சுற்றி வந்தால் கம்பியில் சுற்றிய மணி. எங்கள் பெரியவன் இப்போது கடைத்தெரு மணியையெல்லாம் லென்ஸ் வைத்துச் சோதிக்கிறான்.

என் ஓட்டு பாப்பாநாயுடுபேட்டைக்கு, ஆனால் ஒரு நிபந்தனை: உலை எரியும் நாளா என்று உள்ளூரில் விசாரித்துவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும். அணைந்த உலையைப் பார்க்க இவ்வளவு தூரம் போவது வீண்; அன்றைக்குப் பாண்டிதான் சரி. குழந்தைகளோடு போனால் உலைக்கு எட்டவே நில்லுங்கள். அம்மாவுக்குத் தரிசனமும் சேர்ந்தே முடிந்துவிடும், எனவே வீட்டில் இந்த ஓட்டுக்கு எதிர்ப்பு கடற்கரைக் கட்சியிடமிருந்து மட்டும்தான்.