குவார்ட்டர்பேக்கை விடுங்கள், முன்வரிசையைப் பாருங்கள்

வருகிற ஞாயிறு, 2025 ஜனவரி 26, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் பிளே ஆஃபில் கடைசிக்கு முந்தைய சுற்று. இரண்டே ஆட்டம். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மாலை மூன்று மணிக்கு ஃபிலடெல்ஃபியாவில் ஈகிள்ஸும் வாஷிங்டன் கமாண்டர்ஸும் மோதுகிறார்கள். ஆறரைக்குக் கேன்சஸ் சிட்டியில் சீஃப்ஸ், பஃபலோ பில்ஸ். இந்திய நேரத்துக்கு இது திங்கள் அதிகாலை ஒன்றரை, அப்புறம் ஐந்து. ஜெயிக்கும் இரண்டு அணியும் பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லின்ஸில் சூப்பர் பௌல் ஆடும்.

இந்த வாரம் முழுக்க எங்கே பார்த்தாலும் குவார்ட்டர்பேக் பேச்சுதான். சீஃப்ஸின் மஹோம்ஸா பில்ஸின் ஆலனா, ஈகிள்ஸின் ஹர்ட்ஸா வாஷிங்டனின் டேனியல்ஸா என்று. பந்தை எறிபவரைப் பேசுவது சுலபம், கேமராவும் அவர் மேல்தான் இருக்கும். ஆனால் அவருக்கு முன்னால் நிற்கும் அந்த ஐந்து தடியர்கள் தாக்குப்பிடித்தால்தான் அவருக்கு எறிய நேரமே கிடைக்கும். இரண்டு ஆட்டத்தையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் ஃபிலடெல்ஃபியா. இது எனக்குச் சுலபமான கணிப்பு. இந்தச் சீசனில் இரு அணிகளும் ஏற்கெனவே இரண்டு முறை மோதி ஆளுக்கொன்று ஜெயித்திருக்கின்றன. நவம்பரில் ஈகிள்ஸ் 26-18. டிசம்பரில் வாஷிங்டன் 36-33, அதுவும் ஆறு விநாடி மிச்சமிருக்கும்போது டேனியல்ஸ் எறிந்த ஐந்தாவது டச் டவுனில் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது). அதை வைத்து வாஷிங்டனைத் தூக்கிப் பிடிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அன்றைக்கு முதல் கால் பகுதியிலேயே ஹர்ட்ஸ் தலையில் அடிபட்டு வெளியேறிவிட்டார்.

அந்த இரண்டு ஆட்டங்களிலும் மாறாத விஷயம், ஈகிள்ஸுக்காகப் பந்தை ஏந்தி ஓடும் சேக்வான் பார்க்லி. ஒன்றில் 146 யார்டு, இன்னொன்றில் 150. சீசன் மொத்தத்தில் 2,005 யார்டு ஓடியிருக்கிறார். போன ஞாயிறு கொட்டும் பனியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக 205 யார்டு. 62, 78 யார்டு ஓட்டங்கள் இரண்டும் நேராக டச் டவுன். அந்த 78 யார்டு ஓட்டத்தை மறுபடி பாருங்கள். பார்க்லி கோட்டைத் தாண்டும்வரை அவரை யாரும் தொடவே இல்லை. வலது கோடியில் லேன் ஜான்சன், இடது கோடியில் ஜோர்டன் மைலாட்டா என்று நிற்கும் அந்த வரிசை திறக்கும் வழி அப்படி. எதிரே நிற்கப்போகும் வாஷிங்டனோ ஓட்டத்தைத் தடுப்பதில் பலவீனமான அணி. டெட்ராய்ட்டை அவர்கள் 45-31 என்று புரட்டிப் போட்ட போன வார ஆட்டத்திலேயே டெட்ராய்ட்டின் கிப்ஸ் 105 யார்டு ஓடினார், அதே அணியின் ஜேமிசன் வில்லியம்ஸ் ஒரே ஓட்டத்தில் 61 யார்டு போனார். டெட்ராய்ட் ஐந்து முறை பந்தைத் தாரைவார்த்ததால் அது மறைந்துபோனது. ஈகிள்ஸ் அப்படிக் கொடுக்க மாட்டார்கள்.

வாஷிங்டனுக்கு இன்னொரு பெரிய அடி, முன்வரிசை ஐவரில் நடு ஆளுக்கு வலப்பக்கம் நிற்கும் ரைட் கார்ட் சாம் காஸ்மி முழங்கால் தசைநார் கிழிந்து சீசனை விட்டே போய்விட்டது. நடுவில் அந்த ஓட்டையை நோக்கி வரப்போகிறவர் ஈகிள்ஸின் தடுப்பு வீரர் ஜேலன் கார்ட்டர். ராம்ஸ் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், 13 யார்டு கோட்டில், அவர்களின் குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்டைச் சாய்த்து அவர்கள் கதையை முடித்தவர் அவர்தான். மாற்று ஆள் அவரைத் தனியாகச் சமாளிப்பது நடக்காத காரியம்.

ஜேடன் டேனியல்ஸை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் வருடத்திலேயே இவ்வளவு நிதானம் அபூர்வம். நான்காவது டவுனில், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் கடைசி வாய்ப்பில், வாஷிங்டன் 23 முறை துணிந்து 20 முறை ஜெயித்தது அவரால்தான். ஆனாலும் முதல் வருடக் குவார்ட்டர்பேக்குகள் ஐந்து பேர் இந்தச் சுற்றில் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள், ஐவரும் தோற்றார்கள். ஈகிள்ஸ் பக்கம் எனக்கு இருக்கும் ஒரே கவலை ஹர்ட்ஸின் முழங்கால். ராம்ஸ் அவரை ஏழு முறை வீழ்த்தியதற்குப் பாதிக் காரணம் அவர் பந்தை அதிக நேரம் கையிலேயே வைத்திருந்தது. சரி, ஓட்டம் இவ்வளவு கைகொடுக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. ஈகிள்ஸ் 34, கமாண்டர்ஸ் 20.

அடுத்தது கேன்சஸ் சிட்டி. இங்கேதான் வாரம் முழுக்க மனசு அலைபாய்ந்தது.

சீஃப்ஸ் பக்கம் வரலாறு மலைபோல நிற்கிறது. ஆலனும் மஹோம்ஸும் பிளே ஆஃபில் மூன்று முறை மோதி மூன்றிலும் மஹோம்ஸ்தான் ஜெயித்தார். 2022 ஜனவரியில் பதின்மூன்று விநாடி மிச்சமிருக்க பஃபலோ முன்னிலையில் இருந்தும் 42-36 என்று கூடுதல் நேரத்தில் தோற்றது. போன வருடம் சொந்த ஊரில் 27-24. இந்தச் சீசனிலும் ஒரு டச் டவுனுக்குள் முடிந்த ஆட்டங்களில் சீஃப்ஸ் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடைசி நேரத்தில் பதறாமல் ஆடுவது பழகிப் பெற்ற திறமை.

ஆனால் முன்வரிசையைப் பாருங்கள். மஹோம்ஸின் பார்வைக்கு எட்டாத இடப்பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் டேக்கிள் இடத்தில் சுவாமடாயா, மாரிஸ், ஹம்ஃப்ரீஸ் என்று மூன்று பேரை மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் கார்டாக இருந்த ஜோ துனியை நகர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். துனி நன்றாகவே சமாளிக்கிறார். ஆனால் அவர் விட்டுவந்த கார்ட் இடம் இப்போது மெலிந்துவிட்டது.

பஃபலோவில் நிலைமை நேர்மாறு. சீசன் முழுக்க ஆலன் வீழ்த்தப்பட்டது 14 முறைதான். அவர்கள் பந்தை இழந்தது மொத்தம் எட்டே முறை. இதோடு அலெக் ஆண்டர்சனை ஆறாவது ஆளாக வரிசையில் சேர்த்து, பந்தோடு ஜேம்ஸ் குக்கை ஓடவிடும் பழக்கமும் அவர்களுக்கு உண்டு. சீஃப்ஸின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஸ்பாக்னுவோலோ எதிர்பாராத மூலையிலிருந்து குவார்ட்டர்பேக்கை நோக்கி ஆள் அனுப்புவதில் கில்லாடி. போன வாரம் ஹூஸ்டனின் ஸ்ட்ரௌடை எட்டு முறை வீழ்த்தியது அவருடைய கைவண்ணம். ஆறு பேர் நிற்கும் சுவருக்குப் பின்னால் ஆலனிடம் அது அவ்வளவு எளிதில் பலிக்காது.

இரு அணிகளும் மோதிய நவம்பர் ஆட்டமும் என் கணக்கில் இருக்கிறது. பஃபலோ 23-21 என்று முன்னிலை, இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி, நான்காவது டவுன், இரண்டு யார்டு வேண்டும். பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து ஃபீல்ட் கோலாக மூன்று புள்ளி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஆலன் 26 யார்டு ஓடி டச் டவுனே போட்டார். சீஃப்ஸுக்கு அந்தச் சீசனின் முதல் தோல்வி அது. அன்றைக்கு சீஃப்ஸில் பச்செக்கோ ஆடவில்லை, ஹாலிவுட் பிரௌன் ஆடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஞாயிறன்று சீஃப்ஸ் அதைவிடப் பலமாக இருப்பார்கள், மைதானமும் அவர்களுடையது.

அப்படியிருந்தும் என் கணிப்பு பஃபலோதான். பில்ஸ் 27, சீஃப்ஸ் 24. தொடர்ந்து நான்கு சூப்பர் பௌல் போய் நான்கிலும் தோற்ற ஊர் அது, இன்றுவரை ஒரு கோப்பை இல்லை. மனசு அந்தப் பக்கம் சாய்வதை மறைக்கப் போவதில்லை, ஆனாலும் இந்தக் கணிப்பு முன்வரிசையைப் பார்த்துச் சொன்னது. முதல் இரண்டு தாக்குதலில் துனி நிற்கும் இடப்பக்கத்தைக் கவனியுங்கள். மஹோம்ஸ் பந்தை வாங்கியதும் வலப்பக்கமாக நழுவ ஆரம்பித்தால் பஃபலோவின் நெருக்கடி வேலை செய்கிறது. அவர் நின்ற இடத்திலேயே நின்று, பந்தைப் பிடிக்கும் தன் சகவீரர் கெல்சியைத் தேடி எறிந்துகொண்டிருந்தால் நம் பாடு திண்டாட்டம்தான்.