சாதாரணமா, பிரீமியமா: உங்கள் கார் எந்தப் பெட்ரோலைக் கேட்கிறது?

பெட்ரோல் போட நிற்கும்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய்கள். ஒன்று சாதாரணம், இன்னொன்று பளபளப்பான பெயரோடு பிரீமியம். கையில் காசு இருந்தால் பிரீமியம், மாதக் கடைசி என்றால் சாதாரணம் என்று மனநிலையைப் பார்த்துப் பெட்ரோல் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தேன். பிரீமியம் போட்ட அன்று வண்டி வெண்ணெயாக ஓடுவது போலத் தோன்றும். காசு கொடுத்தாயிற்றே, தோன்றாமல் எப்படி இருக்கும்?

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. பிரீமியம் என்று விற்கப்படுவது ஒரே பொருள் அல்ல. ஆக்டேன் எண் கூடிய பெட்ரோல் ஒரு வகை. ஆக்டேன் அதேதான், ஆனால் இன்ஜினின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் ரசாயனம் கூடுதலாகக் கலந்தது இன்னொரு வகை. இரண்டும் சேர்ந்ததும் உண்டு. ஆக்டேன் செய்யும் வேலை வேறு, ரசாயனம் செய்யும் வேலை வேறு. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரியாமல் "பிரீமியம் நல்லதா?" என்று கேட்டால் யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது.

ஆக்டேன் கூடினால் சக்தி கூடுமா?

கூடாது. ஒரு லிட்டர் சாதாரணத்திலும் ஒரு லிட்டர் உயர் ஆக்டேனிலும் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 32 மெகாஜூல். சொல்லப்போனால் ஆக்டேனை உயர்த்த எத்தனாலைக் கூடுதலாகக் கலந்திருந்தால் ஆற்றல் குறையவும் செய்யும். எத்தனாலின் ஆக்டேன் எண் 100-க்கும் மேல். ஆனால் லிட்டருக்கு அது தரும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன் ஏற ஏற மைலேஜும் ஏறும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில் இடறுவார்கள்.

அப்படியானால் ஆக்டேன் எதைச் சொல்கிறது? பொறுமையை. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் நசுக்குகிறது. நசுங்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி வைக்க, தீ ஓரிடத்தில் தொடங்கிச் சீராகப் பரவ வேண்டும். ஆனால் தீ வந்து சேரும் முன்பே, ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகப் பற்றிக்கொண்டால் உள்ளே அழுத்த அலைகள் மோதும். வெளியே கேட்பது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். மேட்டில் டாப் கியரிலேயே வண்டியை இழுக்கும்போது பழைய கார்களில் இதைக் காதாலேயே கேட்கலாம். பலமாகவும் தொடர்ந்தும் நடந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து.

இப்படித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் ஆக்டேன் எண். 1920-களில் வகுத்த அளவுகோல் இது. ஐசோஆக்டேன் என்ற ஹைட்ரோகார்பனுக்கு 100, எளிதில் நாக்கிங் செய்யும் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டார்கள். 95 ஆக்டேன் என்றால், 95 பங்கு ஐசோஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை சோதனை இன்ஜினில் எவ்வளவு தாக்குப்பிடிக்குமோ, அவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று பொருள். அந்த நாளில் இந்த எண்ணை உயர்த்தக் கிடைத்த மலிவான வழி ஈயம். அந்த விஷத்தைக் கார் பெட்ரோலிலிருந்து உலகம் முழுக்க ஒழிக்க 2021 வரை ஆனது. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா.

எண்களை நாடு விட்டு நாடு ஒப்பிடும்போது கவனம் தேவை. பெரும்பாலான நாடுகளில் பம்பில் எழுதியிருப்பது ரான் என்ற அளவு. அமெரிக்காவில் ரானையும், இன்னும் கடுமையான சோதனையில் வரும் மான் என்ற அளவையும் கூட்டி, இரண்டால் வகுத்துப் போடுகிறார்கள். அங்கே 87 என்பது சுமார் 91 ரானுக்குச் சமம். அங்கே 93 என்றால் சுமார் 98 ரான். அமெரிக்கக் கார் வீடியோவைப் பார்த்துவிட்டு "அங்கே 87-லேயே ஓடுகிறதே!" என்று வியந்தால் வியப்பு வீண்தான்.

எந்தக் காருக்கு எது?

காரோடு வந்த கையேட்டிலோ, பெட்ரோல் மூடியின் உட்பக்கத்திலோ ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைவிட, அதன் பக்கத்தில் இருக்கும் சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். "குறைந்தபட்சம்", "பரிந்துரைக்கப்படுகிறது", "கட்டாயம்" என்ற மூன்றில் எது எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து கதையே மாறுகிறது.

"குறைந்தபட்சம்" என்று மட்டும் போட்டு, சாதாரண பெட்ரோல் போதும் என்று எழுதிய கார்தான் நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத, கலவையை அளவோடு நசுக்கும் (நடுத்தர கம்ப்ரஷன்) இன்ஜின். அது அந்தப் பெட்ரோலுக்கென்றே வடிவமைத்து, பொறி வைக்கும் நேரம் (டைமிங்) குறிக்கப்பட்டது. நாக்கிங்கே வராத இடத்தில் நாக்கிங்கைத் தடுக்கும் பெட்ரோலை ஊற்றி என்ன பயன்? அமெரிக்க வாகன ஓட்டிகளின் அமைப்பான ஏ.ஏ.ஏ. 2016-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. சாதாரண பெட்ரோலுக்கென்று செய்த நாலு, ஆறு, எட்டு சிலிண்டர் இன்ஜின்களில் இரண்டு பெட்ரோலையும் மாற்றி மாற்றி ஓட்டியது. சக்தியிலோ மைலேஜிலோ புகையிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதே அறிக்கையின் மதிப்பீட்டின்படி, ஒரே ஆண்டில் 1 கோடியே 65 லட்சம் அமெரிக்கர்கள் தேவையே இல்லாத காருக்குப் பிரீமியம் போட்டிருக்கிறார்கள். ஆக, இந்த மயக்கம் எனக்கு மட்டும் வந்ததல்ல.

"கட்டாயம்" என்று எழுதியிருந்தால் பேச்சே வேண்டாம், எழுதியதையே போடுங்கள். இவை அழுத்தம் கூடிய இன்ஜின்கள், பெரும்பாலும் டர்போ வைத்தவை. தவறிப்போய் ஒருமுறை சாதாரணம் போட்டுவிட்டால் டேங்கைக் காலி செய்ய ஓட வேண்டாம். இன்ஜினில் நாக் சென்சார் இருக்கிறது. சிலிண்டர் பிளாக்கில் ஒட்டிக்கொண்டு நாக்கிங் அதிர்வை ஒட்டுக்கேட்கும் சின்னக் காது அது. சத்தம் வந்ததும் கணினி பொறி வைக்கும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போடும். சக்தி கொஞ்சம் குறையும், மைலேஜும் குறையும், ஆனால் இன்ஜின் பிழைக்கும். அந்த டேங்க் தீரும்வரை ஆக்சிலரேட்டரை அழுத்தாமல், பாரம் ஏற்றாமல், பதமாக ஓட்டினால் போதும். இதையே வழக்கமாக்கி காசு மிச்சம் பிடிக்கலாம் என்றால், அது சரிப்படாது. சென்சார் இருப்பது விபத்துக்கு, வாடிக்கைக்கு அல்ல.

உண்மையான போட்டி "பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதிய கார்களில்தான். சாதாரணத்திலும் ஓடும், பிரீமியம் போட்டால் இன்னும் நன்றாக ஓடும் என்று தயாரிப்பாளரே சொல்லும் கார்கள் இவை. எவ்வளவு நன்றாக? ஏ.ஏ.ஏ. 2017-ல் இப்படிப்பட்ட ஆறு வண்டிகளைச் சோதித்தது. சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதம் கூடியது, சக்தி 1.4 சதவீதம் கூடியது. சராசரிக்குள் வேறுபாடும் அதிகம். ஒரு வண்டிக்கு மைலேஜ் 7.1 சதவீதம் ஏறியது, இன்னொன்றுக்கு 1 சதவீதம் இறங்கவே செய்தது.

மாஸ்டா நிறுவனம் இதை ஒளிக்காமல் எண்ணாகவே போட்டது. 2016-ல் வந்த அதன் சி.எக்ஸ்-9 காரின் 2.5 லிட்டர் டர்போ இன்ஜின், அமெரிக்கக் கணக்கில் 93 ஆக்டேன் போட்டால் 250 குதிரைத்திறன், 87 போட்டால் 227. கேட்க 23 குதிரை பெரிய வித்தியாசம். ஆனால் அந்த உச்சம் கிடைப்பது 5,000 ஆர்.பி.எம்.மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 முறை சுழலும்போது. சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து அலுவலகம் போகும் யார் 5,000 வரை மிதிக்கிறார்கள்? அன்றாடம் நாம் உணரும் இழுவிசை அந்த இன்ஜினில் இரண்டு பெட்ரோலுக்கும் ஒன்றே என்றுதான் அப்போது குறிப்பிட்டார்கள். மலைப்பாதையில் குடும்பத்தையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஏறும் நாள் வேறு. கடும் வெயில், ஏ.சி., முழுப் பாரம், ஏற்றம் எல்லாம் சேரும்போதுதான் நாக்கிங் தலைதூக்கும். பரிந்துரை உள்ள டர்போ காருக்கு அந்த மாதிரிப் பயணத்துக்கு மட்டும் உயர் ஆக்டேன் போடுவது எனக்கு நியாயமாகவே படுகிறது.

கணக்கு ஒரு வரிதான்

பிரீமியம் 10 சதவீதம் விலை கூடியது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 16.5 கொடுத்தால்தான் காசு சமன் ஆகும். 2.7 சதவீதக் கூடுதல் என்றால் 15.4 வரும். மீதி நம் கைக்காசு. விலை வித்தியாசம் 2, 3 சதவீதமாக இருக்கும் இடத்தில், பரிந்துரை உள்ள காருக்கு மட்டும், கணக்கு நேராகலாம்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பாருங்கள். டேங்க் நிரம்பிக் குழாய் தானாக நிற்கும்வரை போட்டு, ஓட்டிவிட்டு, மறுபடி அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு டேங்க் போதாது, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்காவது வேண்டும். நான் இப்படி எழுதி வைக்க ஆரம்பித்த பிறகுதான் என் மயக்கம் தெளிந்தது. பிரீமியத்துக்கும் சாதாரணத்துக்கும் இடையே இருந்த வித்தியாசத்தைவிட, நெரிசலான வாரத்துக்கும் விடுமுறை வாரத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் பல மடங்கு. டயரில் காற்றைச் சரியாக வைத்தாலே மைலேஜ் சராசரியாக 0.6 சதவீதமும், ரொம்பக் குறைந்திருந்தால் 3 சதவீதம் வரையும் கூடும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. பிரீமியம் தருவதாகச் சொல்லும் லாபம் காற்றடிக்கும் குழாயிலும் கிடைக்கிறது.

சுத்தம் செய்யும் ரசாயனம்

இதை நான் அவ்வளவு எளிதில் ஒதுக்க மாட்டேன். பெட்ரோல் எரிந்து எரிந்து இன்ஜெக்டர் முனையிலும் வால்வின் முதுகிலும் கரி படியும். படிந்தால் பெட்ரோல் தெளிப்பது கோணலாகும், ஐடிலிங் தடுமாறும், பிக்கப் மந்தமாகும். டிடர்ஜென்ட் சேர்ந்த பெட்ரோல் இதைத் தடுக்கிறது. டிடர்ஜென்ட் போதாத பெட்ரோல்களுக்கு எதிராகவே பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா நிறுவனங்கள் 2004-ல் டாப் டியர் என்ற தர முத்திரையை அமெரிக்காவில் கொண்டுவந்தன. ஏ.ஏ.ஏ. அந்த முத்திரை உள்ளதையும் இல்லாததையும் ஒப்பிட்டபோது, 4,000 மைலுக்குச் சமமான ஓட்டத்துக்குப் பிறகு, முத்திரை இல்லாதவற்றில் வால்வுக் கரி சராசரியாக 19 மடங்கு. இந்த வித்தியாசத்தை யாரும் கற்பனை என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த முத்திரையின் நிபந்தனையைப் பாருங்கள். ஒரு நிறுவனம் அதை வாங்க வேண்டுமானால், மலிவான சாதாரண பெட்ரோல் உட்பட எல்லா வகையிலும் அந்த அளவு டிடர்ஜென்ட் இருந்தாக வேண்டும். சுத்தத்துக்கும் ஆக்டேனுக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். நல்ல டிடர்ஜென்ட் உள்ள சாதாரண பெட்ரோல் கிடைத்தால், அதுதான் அன்றாடக் காருக்கு என் தேர்வு. கிடைக்காத இடத்தில், ரசாயனம் கலந்த வகையின் விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால், சில டேங்குக்கு ஒருமுறை போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒரு விதிவிலக்கு: சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய இன்ஜின்களில், பெட்ரோல் வால்வின் முதுகைத் தொடுவதே இல்லை. தொடாத இடத்தை எந்த டிடர்ஜென்ட்டும் கழுவாது. இன்ஜெக்டர் முனை சுத்தமாகும், அவ்வளவுதான். வால்வுக் கரியைக் கையால் எடுக்க வேண்டிய நாள் வரும்போது, இவ்வளவு நாள் பிரீமியம் போட்டேனே என்று மெக்கானிக்கிடம் புலம்பிப் பயனில்லை.

இன்னொன்று பழைய கார்கள். வருடக்கணக்கில் கரி படிந்தால் உள்ளே இடம் குறுகி கம்ப்ரஷன் கொஞ்சம் ஏறும். புதிதாக இருந்தபோது சாதாரணத்தில் அமைதியாக ஓடிய இன்ஜின் மேட்டில் டக்கடக்க ஆரம்பிக்கும். நாக் சென்சார் இல்லாத வண்டியாக இருந்தால் ஒரு படி உயர் ஆக்டேன் அந்தச் சத்தத்தை அடக்கும். மாதா மாதம் கூடுதல் காசு கொடுத்துச் சத்தத்தை அடக்குவதா, ஒரே தடவை கரியை எடுத்து டைமிங்கைச் சரிபார்ப்பதா என்றால், நான் முதலில் மெக்கானிக்கிடம்தான் போவேன்.

என் கார் மூடியில் "குறைந்தபட்சம் 91" என்று போட்டிருக்கிறது. அதை முதன்முதலாகப் படித்தது, வண்டி வாங்கி நாலு வருடம் கழித்து.